எதிரி ஒப்புக்கொண்டதை ஹாலிவுட் மறைப்பதேன்?

"ஸ்பார்ட்டகஸ்" என்ற அமெரிக்கப் படம் 1960இல் வெளிவந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதைப் பார்ப்பவர்கள் குறையவில்லை. அன்று கொட்டகையில் பார்த்தார்கள். இன்று வாலிபத் தோழர்கள் கைப்பேசியிலேயே பார்த்துவிடுகிறார்கள். பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதெல்லாம் நிஜமாகவே நடந்ததா?"

நடந்தது, தோழர்களே! கி.மு. 73 முதல் கி.மு. 71 வரை, இத்தாலி நாட்டு மண்ணில், ரோம் சாம்ராஜ்யத்தின் வயிற்றிலேயே நடந்தது. ஆனால் திரையில் கண்டதைவிட அது பெரிது. படம் பார்த்து அழுத தொழிலாளி, நடந்தது முழுவதையும் அறிந்தால் நெஞ்சை நிமிர்த்துவான். அந்த நிமிர்வைத்தான் படக்கம்பெனி வெட்டியெறிந்தது என்று நாம் குற்றம் சாட்டுகிறோம். குற்றம் சாட்டினால் போதாது, சாட்சியும் வேண்டும். நம்முடைய சாட்சிகள் யார் தெரியுமா? அடிமைகளின் எதிரிகளே நம் சாட்சிகள்!

எதிர்த்தரப்பின் வாக்குமூலம்

அந்த அடிமைகளில் ஒருவர் எழுதிய ஒரு வரிகூட இன்று நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பதெல்லாம் எதிர்த்தரப்பு எழுதியது. ஸல்லஸ்ட் என்பவர் ரோம் செனட் சபையில் அமர்ந்தவர். ஸ்பார்ட்டகஸ் எழுந்தபோது சிறுவனாக இருந்தவர். அவர் எழுதிய சரித்திரத்தில் இன்று எஞ்சியிருப்பது துண்டு துண்டான பகுதிகளே. புளூட்டார்க் என்ற கிரேக்கர், சுமார் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், இந்தக் கிளர்ச்சியை நசுக்கிய கிராஸஸ் என்ற கோடீசுவரனின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ஸ்பார்ட்டகஸ் அதில் ஒரு பகுதியாக வருகிறார். அலெக்சாண்டிரியா நகரத்து அப்பியன், ரோமின் உள்நாட்டு யுத்தங்களைப் பற்றி எழுதியவர். ஃப்ளோரஸ் என்பவர் ரோமின் புகழ் பாடுவதையே தொழிலாகக் கொண்டவர். அடிமைகளோடு போரிட நேர்ந்ததே ரோமுக்கு அவமானம் என்று முகம் சுளிப்பவர்.

இவர்களில் எவரும் அடிமைமுறை ஒழியவேண்டும் என்று கேட்டவர்கள் அல்லர். எனவே இவர்கள் அடிமைகளைத் தூற்றும் இடத்தில் நாம் சந்தேகத்தோடு படிக்கவேண்டும். ஆனால் வாயைத் திறந்து அடிமைகளைப் புகழ நேர்ந்த இடத்தில்? அங்கே இவர்கள் சொல்வது எதிரியின் ஒப்புதல். ஆலைத் தகராறு விசாரணையில் முதலாளி தரப்புச் சாட்சியே தொழிலாளியின் பக்கம் நியாயத்தை ஒப்புக்கொண்டால் எப்படியோ, அப்படி!

படத்தின் பெருமையை மறைக்கமாட்டோம்

முதலில் படத்துக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். படத்துக்கு ஆதாரமான நாவலை எழுதியவர் ஹோவார்ட் ஃபாஸ்ட். ஸ்பெயினில் பிராங்கோவின் பாசிசத்திடமிருந்து தப்பி வந்த அகதிகளுக்கு உதவிய ஒரு கமிட்டியின் தஸ்தாவேஜுகளை ஒப்படைக்க மறுத்ததற்காக 1950இல் அமெரிக்க சர்க்கார் அவரைச் சிறையில் தள்ளியது. சிறையிலிருந்து வந்து எழுதிய நாவலை எந்தப் பெரிய பதிப்பகமும் தொட மறுத்தது. 1951இல் தாமே அச்சிட்டு வெளியிட்டார். பிற்பாடு அவர் கம்யூனிஸ்ட் கட்சியை விட்டு விலகிச் சென்றார் என்பது உண்மை. அதனால் அந்த நாவலின் மதிப்பு குறைந்துவிடாது.

திரைக்கதை எழுதியவர் டால்டன் டிரம்போ. 1947இல் அமெரிக்க காங்கிரஸின் விசாரணைக் கமிட்டி முன் நிறுத்தப்பட்டு, "நீ கம்யூனிஸ்டா?" என்ற கேள்விக்குப் பதில் தர மறுத்துச் சிறை சென்ற பத்துப் பேரில் ஒருவர். கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறியதால் பத்தாண்டுகளுக்கு மேல் வேறு பெயர்களில் ஒளிந்து எழுதி வயிறு வளர்த்தவர். இந்தப் படத்தில்தான், நடிகரும் தயாரிப்பாளருமான கிர்க் டக்ளஸ் அவர் பெயரைத் திரையில் பகிரங்கமாகப் போட்டார். அமெரிக்க லீஜன் என்ற பிற்போக்கு ஸ்தாபனம் கொட்டகை வாசலில் மறியல் செய்தது. ஆயினும் மக்கள் பார்த்தார்கள். கறுப்புப் பட்டியலின் முதுகெலும்பு முறிந்தது. படத்தின் இறுதியில் கிராஸஸ், விசுவாசமற்றவர்களின் பட்டியல் தயாராகிவிட்டது என்று அறிவிப்பான். பண்டைய ரோமின் உடையில் டிரம்போ கண்டது யாரை என்பது அமெரிக்கத் தொழிலாளிக்கு அன்றே புரிந்தது.

எனவே படமெடுக்க உழைத்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் படத்துக்குப் பணம் போட்டது யூனிவர்சல் கம்பெனி. அன்றைய கணக்கில் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் டாலர்! பணம் போட்டவன் கையில் கத்தரிக்கோல் இருக்கும். இன்னொரு விந்தையும் கேளுங்கள். யுத்தக் காட்சிகளை ஸ்பெயினில் எடுத்தார்கள். ரோமின் படைவீரர்களாக அணிவகுத்து வந்தவர்கள் ஆயிரக்கணக்கான ஸ்பெயின் சிப்பாய்கள். அதாவது சர்வாதிகாரி பிராங்கோவின் பட்டாளம்! பிராங்கோவிடம் தப்பியவர்களுக்கு உதவியதற்காக ஆசிரியருக்குச் சிறை. அவர் கதையைப் படமாக்க பிராங்கோவின் பட்டாளம். முதலாளித்துவ உலகத்தின் நியாயம் இது.

வெடித்த கோபமா, போட்ட திட்டமா?

இனி சாட்சிகளை அழைப்போம்.

படத்தில் கிளர்ச்சி எப்படித் துவங்குகிறது? காப்புவா நகரத்தில் பாட்டியாட்டஸ் என்பவன் நடத்திய கிளாடியேட்டர் பட்டறையில் துவங்குகிறது. கிளாடியேட்டர்கள் என்றால், சீமான்கள் பார்த்துக் களிக்க, ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு சாகப் பழக்கப்பட்ட அடிமைகள். ஸ்பார்ட்டகஸ் நேசித்த அடிமைப் பெண் வரீனியாவை ரோமுக்கு விற்றுவிடுகிறார்கள். காவல் தலைவன் அதைச் சொல்லி ஏளனம் செய்கிறான். ஸ்பார்ட்டகஸ் ரத்தம் கொதித்து அவனைக் கொதிக்கும் அண்டாவில் அமுக்குகிறார். மற்றவர்கள் பாய்கிறார்கள். கலகம்!

புளூட்டார்க் என்ன சொல்கிறார்? 200 பேர் கூடித் தப்பிக்கத் திட்டம் போட்டார்கள் என்கிறார். இரகசியம் வெளியே போய்விட்டது. ஆம், அங்கேயும் ஒரு கருங்காலி இருந்திருக்கிறான்! செய்தி கசிந்தது தெரிந்ததும் கைகட்டி உட்கார்ந்திராமல், 78 பேர் முந்திக்கொண்டு சமையற்கட்டில் புகுந்து, வெட்டுக்கத்திகளையும் இறைச்சி சுடும் கம்பிகளையும் எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். வழியில் வேறு நகரத்துக்கு கிளாடியேட்டர் ஆயுதங்களை ஏற்றிப் போன வண்டிகளை மடக்கினார்கள். ஸ்பார்ட்டகஸ், கிரிக்ஸஸ், ஈனோமாஸ் என்று தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்த வித்தியாசம் சின்ன விஷயமா? ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தால் பத்திரிகைகள் என்ன எழுதும்? "ஆத்திரமடைந்த கும்பல்" என்று எழுதும். கூடிப் பேசினார்கள், கோரிக்கை வைத்தார்கள், நாள் குறித்தார்கள் என்று எழுதாது. உழைப்பவனுக்குக் கோபம் வரும், யோசனை வராது என்பது ஆளும் வர்க்கத்தின் பழைய நம்பிக்கை. சிறைப்பட்ட 200 அடிமைகள், வாட்களுக்கு நடுவே, கூடி யோசித்துத் திட்டம் போட்டார்கள் என்று அடிமைச் சமுதாயத்தின் ஆசிரியரே எழுதிவைத்திருக்கிறார். ஹாலிவுட் அதை ஒரு தனி மனிதனின் காதல் கோபமாகச் சுருக்கிவிட்டது.

ஸ்பார்ட்டகஸின் பிறப்பும் அப்படியே மாறிவிட்டது. படத்தில் அவர் அடிமைத் தாய் வயிற்றில் பிறந்து, பதின்மூன்று வயது நிரம்புமுன் லிபியச் சுரங்கத்துக்கு விற்கப்பட்டவர். அப்பியன் கூற்றுப்படி அவர் திரேஸ் நாட்டவர். ஒரு காலத்தில் ரோம் படையிலேயே சிப்பாயாக இருந்தவர். பிறகு சிறைப்பிடிக்கப்பட்டு விற்கப்பட்டவர். அதாவது சுதந்திர மனிதராக இருந்தவரை அடிமையாக்கியது ரோம். அன்று ரோம் நாடு நாடாகப் படையெடுத்து, தோற்ற ஜனங்களை மந்தையாக ஓட்டிவந்து சந்தையில் விற்றது. பிறவி அடிமையாகக் காட்டினால் பரிதாபம் மட்டுமே மிஞ்சும்; சுதந்திர மனிதனை அடிமையாக்கியவன் யார் என்ற கேள்வி எழாது. அந்தக் கேள்வியைக் கேட்டால் ஏகாதிபத்தியம் கூண்டில் நிற்கவேண்டி வருமே!

மறைக்கப்பட்ட வெற்றிகள்

மிகப் பெரிய மோசடி இங்கேதான். படத்தில் அடிமைகள் வென்ற காட்சி என்ன இருக்கிறது? ஒரு ரோம் முகாம் தீப்பற்றி எரிவதைக் காட்டுகிறார்கள். அப்புறம் நடை, கூடாரம், குழந்தைகள், காதல். பிறகு அடிமைப்படை முழுசாகப் போரிடும் ஒரே பெரிய யுத்தம் வருகிறது; அதில் தோல்வி! மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் வெற்றிக்கு இடமில்லை. டிரம்போவே இதற்காகப் போராடினார். ஸ்பார்ட்டகஸைச் சிறிய மனிதராகச் சுருக்காதீர்கள், ரோமை நடுங்கவைத்த பெரிய தலைவராகக் காட்டுங்கள் என்று வாதாடினார்.

எதிரிகள் எழுதிய கணக்கைப் பாருங்கள். வெசுவியஸ் மலைமீது அடிமைகள் ஏறியிருக்கிறார்கள். 3,000 படைவீரர்களோடு வந்த கிளாடியஸ் என்ற அதிகாரி, இறங்கும் ஒரே பாதையை அடைத்துவிட்டான். பட்டினியில் சாகட்டும் என்று காத்திருந்தான். அடிமைகள் காட்டுத் திராட்சைக் கொடிகளை அறுத்து முறுக்கி ஏணி பின்னினார்கள். செங்குத்துப் பாறை வழியாக ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக ஒருவன் மேலே நின்று ஆயுதங்களைக் கீழே போட்டுவிட்டுத் தானும் இறங்கினான். சுற்றிவந்து பின்னாலிருந்து தாக்கி முகாமையே பிடித்துக்கொண்டார்கள். பக்கத்துப் பகுதிகளின் மாடு மேய்ப்பவர்களும் இடையர்களும் வந்து சேர்ந்தார்கள்.

அடுத்து வரீனியஸ் என்ற சேனாபதி வந்தான். அவன் உதவிச் சேனாபதி ஃபூரியஸ் 2,000 பேரோடு தோற்றான். இன்னொரு தளபதி கோஸினியஸ் குளித்துக்கொண்டிருந்த வேளையில் பிடிபடாமல் தப்பினான். விரட்டப்பட்டு முகாமில் மாண்டான். வரீனியஸின் குதிரையையே அடிமைகள் பிடித்துக்கொண்டார்கள். கி.மு. 72இல் ரோமின் இரண்டு கான்சல்களும், அதாவது நாட்டின் முதல் இரண்டு அதிகாரிகளும், நேரில் படையோடு வந்தார்கள். அவர்களும் தோற்றார்கள். வடக்கே 10,000 பேரோடு வழிமறித்த மாகாண கவர்னர் காஸியஸும் தோற்று உயிர் தப்பி ஓடினான்.

அப்பியன் இன்னும் ஒரு விஷயம் சொல்கிறார். இந்த யுத்தத்தைத் துவக்கத்தில் கிளாடியேட்டர்களின் வேடிக்கை என்று ரோம் எள்ளியது. பிறகு சேனாபதி பதவிக்குத் தேர்தல் வந்தபோது, எல்லாரையும் பயம் பிடித்துக்கொண்டு ஒருவரும் போட்டியிட முன்வரவில்லை. கடைசியில் கிராஸஸ்தான் வந்தான் என்கிறார். உலகத்தை ஆண்ட ரோமில், அடிமைகளுக்குப் பயந்து, பதவிக்கு ஆள் கிடைக்கவில்லை! இதைவிடச் சிறந்த திரைக்காட்சி உண்டா? ஏன் எடுக்கவில்லை?

அழும் அடிமையைக் காட்டலாம். அவன்மேல் இரக்கப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். வென்ற அடிமையைக் காட்டினால், பார்ப்பவன் வீட்டுக்குப் போய்த் தூங்கமாட்டான்.

தங்கத்தைத் தடுத்த படை

சரி, வென்ற பிறகு அந்தப் படை எப்படி நடந்துகொண்டது? கொள்ளைக்கூட்டம் என்று தூற்றத் துடித்த அப்பியன் எழுதியதைக் கேளுங்கள். கிடைத்ததையெல்லாம் ஸ்பார்ட்டகஸ் சமமாகப் பங்கிட்டார். அதனால் ஜனங்கள் திரண்டு வந்தார்கள் என்கிறார். அடிமைகள் மட்டுமல்ல, வயல்களில் வேலைசெய்த சுதந்திர ஏழைகளும் வந்து சேர்ந்தார்கள் என்கிறார். தோழர்களே, இதைக் கவனியுங்கள். அடிமைப் பண்ணைகள் பெருகப் பெருக நிலமிழந்து நின்ற ஏழை விவசாயி, தன் தலைவிதி அடிமையோடு பிணைந்திருப்பதைக் கண்டுகொண்டான். சட்டப்படி அவன் சுதந்திர மனிதன். வயிற்றின்படி அவனும் அடிமையே.

தென் இத்தாலியில் தூரி நகரத்தைப் பிடித்திருந்தபோது, வியாபாரிகள் தங்கமும் வெள்ளியும் கொண்டுவரக் கூடாதென்று ஸ்பார்ட்டகஸ் தடைபோட்டார். தன் ஆட்களும் வைத்துக்கொள்ளக் கூடாதென்றார். இரும்பும் செம்பும் மட்டும் நல்ல விலை கொடுத்து வாங்கினார். கொண்டுவந்த வியாபாரிகளுக்குத் தீங்கு செய்யவில்லை. கொள்ளைக்காரன் தங்கத்தையா தடுப்பான்? ஃப்ளோரஸ் இன்னும் ஒன்று சொல்கிறார். பண்ணை அடிமைகளை விலங்கிட்டு அடைத்துவைக்கும் சிறைகள் அங்கே இருந்தன. அந்தச் சிறைகளின் இரும்பை உருக்கி அடிமைகள் வாளும் ஈட்டியும் அடித்தார்களாம். முகம் சுளித்துக்கொண்டு எழுதிய வரி அது. நமக்கோ அது பெருமை.

அந்தப் பண்ணைகளின் லட்சணம் என்ன? கேட்டோ என்ற ரோமப் பெரியமனிதர் பண்ணை நடத்தும் முறை பற்றி ஒரு நூல் எழுதினார். கிழட்டு மாட்டையும் பழைய வண்டியையும் விற்றுவிடு, கிழட்டு அடிமையையும் நோய்ப்பட்ட அடிமையையும் விற்றுவிடு என்பது அதில் அவர் சொன்ன யோசனை. பிற்காலத்தில் வாரோ என்ற அறிஞர் பண்ணைக் கருவிகளை மூன்றாக வகைப்படுத்தினார்: பேசாத கருவி வண்டி; குரல் மட்டும் எழுப்பும் கருவி மாடு; பேசும் கருவி அடிமை! பண்ணையாள் என்ற சொல்லின் கசப்பை அறிந்த நம் வாசகர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பேசும் கருவிகள் ஒருநாள் கூடிப் பேசின. அதுதான் ஸ்பார்ட்டகஸ் கிளர்ச்சி.

எதிரே நின்ற கிராஸஸ் யார்? படத்தில் அவன் குலப்பெருமையும் அதிகார வெறியும் பிடித்தவன். புளூட்டார்க் காட்டுகிற கிராஸஸ் இன்னும் நமக்குப் பரிச்சயமானவன். ரோமில் வீடு தீப்பற்றினால், எரிகிற வீட்டையும் பக்கத்து வீடுகளையும் பதறிப்போன சொந்தக்காரர்களிடமிருந்து அற்ப விலைக்கு வாங்குவான். கட்டிட வேலை தெரிந்த அடிமைகள் 500 பேருக்குமேல் அவனிடம் இருந்தார்கள். நகரத்தின் பெரும்பகுதி அவன் கைக்கு வந்தது. தீயில் வெந்த வீட்டில் லாபம் பார்த்தவன்தான் அடிமைகளை ஒடுக்கப் படைநடத்தினான். தன் சிப்பாய்கள் பயந்து ஓடியபோது, முதலில் ஓடிய 500 பேரை 50 குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒருவனைச் சீட்டுப்போட்டுக் கொன்றான். சொந்தப் படையையே கொலைமிரட்டலில் நடத்தவேண்டியிருந்தது அவனுக்கு!

கசப்பான பக்கங்கள்

நாம் வசதியான சாட்சியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒளித்தால், நமக்கும் ஹாலிவுட்டுக்கும் என்ன வித்தியாசம்? கசப்பானதையும் சொல்வோம்.

படத்தில் கிரிக்ஸஸ் கடைசி யுத்தம் வரை ஸ்பார்ட்டகஸின் தோளோடு தோள் நிற்கிறார். உண்மையில் படை பிளவுபட்டது. கிரிக்ஸஸ் ஒரு பெரும் பகுதியோடு தனியே போனார். அப்பியன் கணக்கில் 30,000 பேர். கார்கானஸ் மலைக்கருகே ரோம் படை அவர்களைத் தனியாக மடக்கி, மூன்றில் இரண்டு பங்கை வெட்டிச் சாய்த்தது, கிரிக்ஸஸும் மாண்டார். பின்னாலும் ஒரு பிரிவு தனியே முகாமிட்டது. அதையும் கிராஸஸ் தனியாகப் பிடித்து அழித்தான். அந்த இடத்தில் மாண்ட 12,300 பேரில் முதுகில் காயம்பட்டவர் இரண்டே பேர், மற்றவர்கள் அனைவரும் அணியில் நின்றபடி மார்பில் ஏற்று மாண்டார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். வீரத்தில் குறையில்லை. ஐக்கியத்தில் குறை. எந்தச் சங்கத்துக்கும் பயன்படக்கூடிய இந்தப் பாடத்தைப் படம் துடைத்துவிட்டது.

பழிவாங்குதலும் நடந்தது. படத்தில், விடுதலையான கிளாடியேட்டர்கள் இரண்டு ரோமச் சீமான்களை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்; ஸ்பார்ட்டகஸ் வந்து தடுப்பார். சரித்திரம் வேறு. கிரிக்ஸஸின் நினைவாக ஸ்பார்ட்டகஸ் 300 ரோமக் கைதிகளைப் பலியிட்டார் என்கிறார் அப்பியன்; கைதிகளைச் சிதையைச் சுற்றிக் கிளாடியேட்டர்களாக மோதவைத்தார் என்கிறார் ஃப்ளோரஸ். இதை நாம் கொண்டாடவில்லை. ஆனால் இந்தப் பாடத்தை எந்தப் பள்ளியில் படித்தார்கள்? ரோமச் சீமான்கள் நடத்திய பள்ளியில்! அதே வேளையில் ஸல்லஸ்டின் துண்டுகளிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. படையினர் சிலர் ஊர்களில் புகுந்து பெண்களிடம் அட்டூழியம் செய்தபோது, ஸ்பார்ட்டகஸ் அதைத் தடுக்கப் போராடினார். அவரால் முழுவதும் தடுக்க முடியவில்லை. குறையே இல்லாத மகானாக அவரைச் செதுக்கவேண்டிய அவசியம் நமக்கில்லை.

சிலுவையில் அறைந்தது யார்?

படத்தின் முடிவை எல்லோரும் அறிவார்கள். ஸ்பார்ட்டகஸ் உயிரோடு பிடிபடுகிறார். அவரைக் காட்டிக்கொடுத்தால் உயிர் தருவோம் என்கிறார்கள். கைதிகள் ஒவ்வொருவராக எழுந்து, நானே ஸ்பார்ட்டகஸ் என்கிறார்கள். நெஞ்சை உருக்கும் காட்சிதான். விசாரணைக் கமிட்டி முன் நண்பர்களின் பெயரைச் சொல்ல மறுத்தவர் எழுதியது அல்லவா! அந்தக் கற்பனைக்கு நாம் வணக்கம் சொல்கிறோம். ஆனால் அதற்குப் பின் ஸ்பார்ட்டகஸ் சிலுவையில் தொங்குகிறார். மனைவி குழந்தையை உயர்த்திக் காட்டிவிட்டு வண்டியேறிப் போகிறாள்.

பழைய ஆசிரியர்களில் எவரும் ஸ்பார்ட்டகஸ் சிலுவையில் மாண்டார் என்று சொல்லவில்லை. நாவலாசிரியர் ஃபாஸ்ட்கூட அவர் போர்க்களத்தில் மாண்டதாகவே எழுதினார். புளூட்டார்க் சொல்கிறார்: கடைசி யுத்தத்துக்கு முன் ஸ்பார்ட்டகஸின் குதிரையைக் கொண்டுவந்தார்கள். அவர் வாளை உருவி அதைக் கொன்றார். வென்றால் எதிரியின் நல்ல குதிரைகள் ஏராளமாகக் கிடைக்கும், தோற்றால் குதிரை எதற்கு என்றார். பிறகு கால்நடையாகக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு கிராஸஸை நோக்கியே பாய்ந்தார். குறுக்கே வந்த இரண்டு படைத்தலைவர்களை வெட்டினார். கிராஸஸை எட்ட முடியவில்லை. தொடையில் ஈட்டி பாய்ந்தும் முழந்தாளிட்டு, கேடயத்தை முன்னே பிடித்துக்கொண்டு போரிட்டார் என்கிறார் அப்பியன். ஏளனம் செய்தே பழகிய ஃப்ளோரஸும் இங்கே மாறிவிடுகிறார்: முன்வரிசையில் நின்று ஒரு சேனாபதியைப்போல மாண்டார் என்று எழுதுகிறார். அவர் உடல் கிடைக்கவில்லை.

உடலைக்கூட ரோமால் கைப்பற்ற முடியவில்லை! கிராஸஸின் கையில் சிக்காதவரை, 2,000 ஆண்டு கழித்து, ஹாலிவுட் பிடித்துக்கொடுத்துச் சிலுவையில் அறைந்தது. ஏன்? கையில் வாளோடு மாண்டவரைவிட, கை கால் கட்டுண்டு வானத்தைப் பார்த்துச் சாகிறவர் அவர்களுக்கு வசதி. சிலுவை ஏறியவர்கள் உண்டு. பிடிபட்ட 6,000 பேரை, காப்புவாவிலிருந்து ரோம் வரை, சாலை நெடுகிலும் சிலுவையில் ஏற்றினான் கிராஸஸ். அந்த 6,000 பேரில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

நம்பிக்கையையாவது விட்டுவைத்தார்களா? படத்தில் அந்த மனைவியையும் குழந்தையையும் விடுவிப்பவர் கிராக்கஸ் என்ற இளகிய மனம்கொண்ட செனட்டர். நாவலிலிருந்தே வந்த கற்பனை இது. பழைய ஏடுகளில் இப்படி ஒரு செனட்டர் இல்லை. கிராக்கஸ் என்ற பெயரில் ஏழைகளுக்காக வாதாடிய சகோதரர் இருவர் இருந்தார்கள், கி.மு. 133லும் கி.மு. 121லும் செனட்டின் ஆட்களால் அவர்கள் அழிந்துபோனார்கள். செனட் தன் வர்க்கத்தில் பிறந்த சீர்திருத்தக்காரனையே விட்டுவைக்கவில்லை. அடிமையின் குழந்தைக்கா வண்டி கட்டி அனுப்பும்? அடிமைகள் தோற்றுப்போவார்கள், மேலிருப்பவர் கருணையால் ஒரு குழந்தை பிழைக்கும் என்பதுதான் படம் விட்டுச்செல்லும் பாடம்.

"கலைதானே?" என்பவர்களுக்கு

"கலையைச் சரித்திரப் பரீட்சை வைத்துப் பார்க்கலாமா? சிறு மாற்றம் இல்லாமல் படம் எடுக்க முடியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வரீனியாவைக் கற்பனை செய்ததற்காக நாம் சண்டைக்குப் போகவில்லை. புளூட்டார்க்கின் ஏட்டில் ஸ்பார்ட்டகஸின் மனைவி உண்டு. அவருடைய குலத்தில் பிறந்தவள், குறி சொல்பவள். அவள் பெயரை யாரும் எழுதவில்லை. பெயர் வைத்தால் தவறில்லை. ஆனால் மாற்றங்களை ஒருமுறை வரிசையாக வைத்துப் பாருங்கள். திட்டம் போயிற்று, கோபம் வந்தது. வெற்றிகள் போயின, தோல்வி நின்றது. சமப்பங்கு போயிற்று, காதல் வந்தது. பிளவு போயிற்று, பாடமும் போயிற்று. வாள் போயிற்று, சிலுவை வந்தது. எல்லா மாற்றமும் ஒரே பக்கம் சாய்கிறதே! தராசில் ஒருமுறை தட்டு தாழ்ந்தால் கைதவறியது என்று விடலாம். ஒவ்வொரு முறையும் கடைக்காரன் பக்கமே தாழ்ந்தால்?

படம் துவங்கும்போதே ஒரு குரல் சொல்கிறது: ரோமின் கொடுங்கோலை வீழ்த்தப்போவது பின்னால் வரவிருந்த புதிய மதம் என்று. மதநம்பிக்கை உள்ள தொழிலாளித் தோழரை நாம் புண்படுத்தவில்லை; நடந்ததைத்தான் சொல்கிறோம். கிறிஸ்தவச் சக்கரவர்த்திகளின் ஆட்சியிலும் ரோமில் அடிமைகள் இருந்தார்கள். படமெடுத்த அமெரிக்காவிலேயே 1865 வரை அடிமைமுறை சட்டபூர்வமாக இருந்தது. அதை ஒழிக்க ஓர் உள்நாட்டு யுத்தமே தேவைப்பட்டது. அடிமைகள் வென்ற நாடு கேட்டால், ஹைத்தியைப் பாருங்கள். 1791இல் கரும்புத் தோட்ட அடிமைகள் எழுந்தார்கள். "கறுப்பு ஸ்பார்ட்டகஸ்" என்று பெயர்பெற்ற தூசான் லூவெர்த்தூர் தலைமை தாங்கினார். அவரைப் பிடித்து 1803இல் பிரெஞ்சுச் சிறையில் சாகவிட்டார்கள். ஆனால் அடிமைகள் நெப்போலியனின் படையையே தோற்கடித்து, 1804 ஜனவரி 1இல் சுதந்திரப் பிரகடனம் செய்தார்கள்.

காரல் மார்க்ஸ் 1861 பிப்ரவரியில் எங்கெல்ஸுக்கு எழுதிய கடிதத்தில், மாலை வேளைகளில் அப்பியனைக் கிரேக்க மூலத்திலேயே படிப்பதாகச் சொல்கிறார். பண்டைய சரித்திரம் முழுவதிலும் ஸ்பார்ட்டகஸைப்போல் ஒளிவிடும் மனிதர் இல்லை, பண்டைய பாட்டாளிகளின் மெய்யான பிரதிநிதி அவர் என்பது மார்க்ஸின் மதிப்பீடு. எதிரியின் ஏட்டிலிருந்தே இதை அவர் கண்டெடுத்தார். ஜெர்மனியில் ரோசா லக்ஸம்பர்க்கும் கார்ல் லீப்னெக்டும் தங்கள் ஸ்தாபனத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். 1919 ஜனவரி 15இல் கொல்லப்பட்டார்கள். இவர்கள் எல்லாரும் நினைவில் வைத்தது சிலுவையில் தொங்கிய ஸ்பார்ட்டகஸை அல்ல.

ஆகவே தோழர்களே, படத்தைப் பாருங்கள். பார்க்கவேண்டாம் என்று நாம் ஒருநாளும் சொல்லமாட்டோம். ஆனால் உங்கள் சங்கத்தில் அதைத் திரையிட்டால், விளக்குப் போட்டவுடன் கலைந்துபோகாதீர்கள். ஒரு தோழர் எழுந்து நின்று மீதிக் கதையைச் சொல்லட்டும். திட்டம் போட்ட 200 பேரைச் சொல்லட்டும். கொடியேணியில் இறங்கியதைச் சொல்லட்டும். உருகி வாளான விலங்குகளையும், சமமாகப் பிரித்த பங்கையும், வாசலில் தடுத்து நிறுத்திய தங்கத்தையும் சொல்லட்டும். பிளவுபட்டதால் மாண்ட ஆயிரக்கணக்கானவர்களையும் மறைக்காமல் சொல்லட்டும். இவற்றையெல்லாம் அடிமைகளின் எதிரிகளே எழுதி ஒப்புக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்!